செயற்கைக்கோளுக்கு வழி கொடுத்த கதை

1

எங்கள் நிலையத்தில் ஒவ்வொரு வருஷமும் செயற்கைக்கோளுக்குப் பிறந்தநாள் கொண்டாடுவோம். ராக்கெட்டில் ஏறிய தேதியைக் கொண்டாடுவதா, மேலே போய் வேலையைத் தொடங்கிய தேதியைக் கொண்டாடுவதா என்று முதல் வருஷமே ஒரு சண்டை நடந்தது. கடைசியில் இரண்டு தேதியிலும் கேக் வெட்டுவது என்று முடிவானது. அந்தத் தரைநிலையம் இருப்பது ஆப்பிரிக்காவில், கடற்கரையே இல்லாத ஒரு நாட்டில், தலைநகருக்கு வெளியே ஒரு செம்மண் மேட்டில். நாட்டின் பெயரை எழுதப் போவதில்லை. என் நண்பர்கள் அங்கே இன்னும் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறார்கள். அவர்கள் சோற்றில் நான் மண்ணைப் போட வேண்டாம்.

போன பிறந்தநாளுக்கும் கேக் வந்தது. மெழுகுவர்த்தி வந்தது. மரியம் கத்தியைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார்.

"அடுத்த வருஷம் இது இருக்காது. இப்ப வெட்டுனா துக்க வூட்ல சாப்பிடற மாதிரி இருக்கும்" என்றார்.

மரியம் எங்கள் கட்டுப்பாட்டு அறையின் தலைவி. என்னைவிடப் பல வயது இளையவர், எனக்கு மேலதிகாரி. அவர் பேசுவது பிரெஞ்சு. நான் இங்கே எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்கு அவர் பேச்சு அப்படித்தான் காதில் விழுகிறது.

நான் திருவண்ணாமலைக்காரன். கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை எனக்குச் சொந்த ஊர். பெயர் சேகர். ஆனால் அந்த நாட்டில் சேகர் என்று யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. இறங்கிய அன்றே குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்பா பெயரைத் தவிர என்னிடம் வேறு பெயர் இல்லை. அன்றிலிருந்து நான் முசியே ஏழுமலை, நம்மூரில் சொன்னால் ஏழுமலை சார், ஆனேன். எங்கள் பக்கம் மல்லாட்டை என்னும் வேர்க்கடலை விற்கிற கீழ்பென்னாத்தூர்ச் சந்தையைத் தாண்டி வேலைக்கென்று எங்கும் போகாத என் அப்பா, ஒரு செயற்கைக்கோளின் ஆயுள் முழுவதும் ஆப்பிரிக்காவில் ஆன்டெனா பார்த்தார்.

அந்தச் செயற்கைக்கோள் அந்த நாட்டில் செய்ததல்ல. விண்வெளியில் பெரிய கையான ஒரு தேசம் ஒத்துழைப்பு ஒப்பந்தம் என்று ஒன்றைப் போட்டு, கடனும் கொடுத்து, செயற்கைக்கோளும் கொடுத்து, அதை ஏவியும் கொடுத்தது. தரைநிலையம் கட்டி, ஆட்களை வரவழைத்து ஓட்டக் கற்றுக்கொடுத்துச் சாவியையும் கையில் தந்தது. வளரும் நாடுகளுக்கு இப்படித்தான் விற்கிறார்கள், பெண்ணோடு சீர்வரிசையும் சேர்த்து அனுப்புகிற மாதிரி. நான் அந்தச் சீர்வரிசையோடு வந்தவன். ஆன்டெனா நிறுத்தும் ஒப்பந்தக்காரர் என்னைச் சென்னையிலிருந்து பிடித்து வந்தார். ஆன்டெனாவை நிறுத்தியதும் அவர் போய்விட்டார், நான் நின்றுவிட்டேன்.

2

செயற்கைக்கோள் ஏன் சாகிறது என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். அது கெட்டுப்போவதில்லை. எரிபொருள் தீர்ந்துபோகிறது, அவ்வளவுதான்.

நம் தலைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி தெரிந்தாலும் சூரியனும் சந்திரனும் அதை இழுத்துக்கொண்டே இருக்கும். இழுத்த இழுப்புக்குப் போகாமல் அவ்வப்போது சின்ன எஞ்சினை இயக்கி இடத்தில் நிறுத்த வேண்டும். அந்த எரிபொருளைப் போய் நிரப்ப முடியாது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதும் துல்லியமாகத் தெரியாது. வீட்டில் கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்து, பொங்கல் வரைக்கும் வரும் என்று ஒருத்தர், நாளைக்கே தீர்ந்துவிடும் என்று ஒருத்தர் சொல்வதில்லையா? இதுவும் அப்படித்தான். இங்கே சிலிண்டரை ஆட்டவும் முடியாது.

தீர்வதற்குள் கடைசிக் கொஞ்சத்தை வைத்து அதை மேலே தள்ளிவிட வேண்டும். பழைய செயற்கைக்கோள்கள் ஒதுங்குவதற்கென்று உயரத்தில் ஒரு பாதை உண்டு. அங்கே கொண்டுபோய்விட்டு, மிச்ச எரிபொருளை வெளியேற்றி, மின்கலத்தைத் துண்டித்து, கடைசியாக அதன் குரலை, அதாவது அது அனுப்பும் அலையை, நிறுத்த வேண்டும். காலம் தாழ்த்தினால், செத்த வண்டி நடுரோட்டில் நிற்பது போல அது மற்றவர்கள் பாதையில் மிதந்துகொண்டிருக்கும். பிறகு அந்த நாட்டின் பெயரைச் சொன்னாலே மற்ற நாட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள்.

ஆனால் நிறுத்துவது லேசான காரியமில்லை. அந்த நாட்டின் வானொலி அதில்தான் போனது, தொலைக்காட்சி அதில்தான் போனது. எல்லைக் கிராமத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ், தலைநகர் டாக்டரிடம் எக்ஸ்ரேயைக் காட்டிப் பேசியதும் அதில்தான். அதற்கெல்லாம் பக்கத்து நாட்டுச் செயற்கைக்கோள் ஒன்றில் வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டும். பிடித்துவிடலாம். ஆனால் சொந்த வீட்டில் இருந்துவிட்டு வாடகை வீட்டுக்குப் போகும் வருத்தம் எல்லோருக்கும் இருந்தது.

3

இந்த இடத்தில் ஒரு கோழிக் கதையைச் சொல்ல வேண்டும்.

நான் போன புதிதில் மரியம் வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டார்கள். அவர் அப்போதுதான் செயற்கைக்கோள் விற்ற நாட்டில் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். நன்றாகச் சாப்பிட்டேன். கை கழுவினேன். எல்லோருக்கும் ஒரு வணக்கத்தைப் போட்டுவிட்டு, பிறகு பார்க்கலாம் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் வேலைக்குப் போனால் அறையில் ஒருவர் முகமும் சரியில்லை.

"எங்க வூட்ல இன்னா தப்பு நடந்துச்சு?" என்று கேட்டார் மரியம். "அப்பா மனசு ஒடஞ்சி போயிட்டாரு."

"ஒண்ணும் இல்லீங்களே. நல்லா சாப்டேனே."

"அப்புறம் ஏன் வழி கேக்காம போனீங்க?"

அங்கே விருந்தாளி கிளம்பும்போது எழுந்து போய்விடக் கூடாது. உட்கார்ந்தபடியே, "எனக்கு வழி கொடுங்கள்" என்று வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். அவர் உடனே கொடுக்க மாட்டார். இன்னும் நேரம் ஆகவில்லையே, உட்காருங்கள் என்பார். மறுபடி கேட்க வேண்டும். பிறகு மனமில்லாமல், "சரி, பாதி வழி கொடுக்கிறோம்" என்பார். மீதிப் பாதி அவரிடமே இருக்கும். அதை வாங்கிக்கொள்ள நீங்கள் திரும்பி வர வேண்டும். முழு வழியை உயிரோடு இருப்பவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று மரியம் சொன்னார். கேட்காமல் போகிறவன் ஒன்று கோபித்துக்கொண்டு போகிறான், இல்லை எதையோ எடுத்துக்கொண்டு போகிறான்.

நாமும் போகிறேன் என்று சொல்வதில்லை, போய்விட்டு வருகிறேன் என்றுதானே சொல்கிறோம். ஆனால் நாம் நம் வருகையை நாமே அறிவித்துக்கொள்கிறோம். அவர்கள் அதை வீட்டுக்காரர் கையில் கொடுத்து வைக்கிறார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது.

மறுபடி அவர்கள் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, முறைப்படி வழி கேட்டேன். மரியமின் அப்பா சிரித்தபடி பாதியைக் கொடுத்தார். கூடவே, கிளம்பும் விருந்தாளிக்குக் கொடுக்கும் வழக்கப்படி உயிரோடு ஒரு கோழியையும் என் கையில் திணித்தார். ஷேர் டாக்ஸியில் இரண்டு பேருக்கு நடுவில் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. என் மனைவி செல்வி அதைப் பார்த்துவிட்டு, இதைச் சாப்பிடலாமா, சாப்பிட்டால் கோபித்துக்கொள்வார்களா என்று கேட்டாள். அடுத்த நாள் விசாரித்துச் சாப்பிடலாம் என்று உறுதியான பிறகுதான் குழம்பு கொதித்தது.

4

பிறந்தநாள் கேக் வெட்டப்படாமல் போன அடுத்த வாரம் அமைச்சகத்தில் கூட்டம். மரியம், நான், அமைச்சகச் செயலாளர், செயற்கைக்கோள் விற்ற நாட்டின் பிரதிநிதி. மேசையில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஒரு சின்னக் கொடி.

மரியம் வெகுநேரம் பேசினார். எரிபொருள் நாம் நினைப்பதைவிடக் கம்மியாக இருக்கலாம், இப்போதே மேலே தள்ளத் தொடங்க வேண்டும், எங்கள் குழுவே அதைச் செய்யும் என்றார். செயலாளர் தலையை மட்டும் ஆட்டினார், காதில் வாங்கவில்லை. அவருக்குச் சுதந்திர தின அணிவகுப்பு நேரலை முக்கியம், அதற்கு இன்னும் பல மாதம் இருந்தது. சொந்தச் செயற்கைக்கோளில் ஒளிபரப்புவதற்கும் வாடகைச் செயற்கைக்கோளில் ஒளிபரப்புவதற்கும் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அமைச்சருக்குத் தெரியும்.

பிரதிநிதி மிக மரியாதையான மனிதர். "எங்க மையத்துக்குக் கட்டுப்பாட்டைக் கொடுத்துடுங்க. நாங்க எத்தனையோ பழைய செயற்கைக்கோள மேல ஏத்தியிருக்கோம். உங்க குழு இதுவரைக்கும் செஞ்சதில்லையே" என்றார்.

"எப்படி செஞ்சிருக்க முடியும்?" என்றார் மரியம். "எங்ககிட்ட இருக்கறது ஒண்ணுதான். அது ஒரு தடவதான் சாகும்."

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "முசியே ஏழுமலை, நீங்க வெளிநாட்டு நிபுணர். நீங்க சொல்லுங்க. இன்னொரு வருஷம் ஓட்டலாமா?" பிறகு கொஞ்சம் குனிந்து, "ஓடுச்சுன்னா உங்க அட்டையையும் புதுப்பிச்சுடலாம், பாருங்க" என்றார்.

அந்த அட்டை என்பது வசிப்பு அட்டை. வருஷா வருஷம் குடியேற்ற அலுவலகத்தில் அதற்காக நிற்பேன். செயற்கைக்கோள் நிபுணர் என்ற பிரிவில்தான் எனக்கு அங்கே இருக்க அனுமதி. அங்கிருக்கும் அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "செயற்கைக்கோள் இருக்கா?" என்று கேட்பார். இருக்கிறது என்பேன். "இருந்தா சரி" என்று முத்திரை குத்துவார். கடன் கொடுத்தவன்கூட அந்தச் செயற்கைக்கோளின் உடல்நலத்தை அவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை.

எனக்குக் கோபம் வந்தது. மரியம் சொன்னதை எல்லாம் காற்றில் விட்டுவிட்டு அதே விஷயத்தை வெளியூர்க்காரன் வாயிலிருந்து கேட்கக் காத்திருக்கிறார்கள். எங்கள் ஊரிலும் இந்த வியாதி உண்டு. ரமணாசிரமம் பக்கம் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் இங்கே காற்று நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் நாங்களே மூச்சை இழுத்துப் பார்ப்போம்.

"மரியம் மேடம் சொன்னதுதான் நான் சொல்றதும்" என்றேன். "இப்பவே ஏத்தணும். அவங்களே ஏத்தணும்."

என் அட்டை அந்த அறையிலேயே கிழிந்தது. சத்தம்தான் கேட்கவில்லை. செயலாளர், அமைச்சரிடம் கோப்பை அனுப்புவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். மரியம் வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

5

வீட்டில் செல்வி பேசினாள்.

"யாரக் கேட்டு அப்படிச் சொன்னீங்க?"

"அது ஆபீஸ் விஷயம், செல்வி. எனக்குத் தெரிஞ்சதுதான் சொல்ல முடியும்."

"ஆபீஸ் உங்களுது. ஊரு? ஊரு என்னுது."

எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. செல்வி கீழ்பென்னாத்தூர்ப் பெண். வந்த புதிதில் வாசலுக்குக்கூட வரமாட்டாள். பிறகு சந்தைக்குள் ஒரு தையல் மெஷினோடு உட்கார்ந்தாள். அந்த ஊர்ப் பெரிய பூப்போட்ட துணியில் நம்மூர் ஜாக்கெட் வெட்டில் மேல்சட்டை தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். பண்டிகைக்குப் பண்டிகை அவள் கடை வாசலில் பெண்கள் வரிசை நிற்கும். நான் இத்தனை வருஷமும் பிரெஞ்சில் திக்கிக்கொண்டிருக்க, அவள் சந்தை பாஷையில் சண்டை போட்டாள், சிரித்தாள், துக்கம் விசாரித்தாள்.

"அங்க போயி நான் யாரு? சேகர் பொண்டாட்டி. இங்க நான் செல்வி" என்றாள். "உங்களுக்கு அந்த டிஷ்ஷ தவிர இங்க ஒண்ணும் இல்ல. எனக்கு இருக்கு. அத யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. அந்த அறையில் மரியமின் முகத்தைத்தான் பார்த்தேன், செல்வியின் முகத்தை நினைக்கவில்லை. அவளுக்குக் கோபப்பட எல்லா நியாயமும் இருந்தது. அதற்காக நான் சொன்னதை மாற்றிச் சொல்லவும் முடியாது. நாங்கள் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டோம்: உப்பு, சாவி, கரண்ட் போனது.

எங்கள் மகள் தீபா கனடாவில் படிக்கிறாள். நினைவு தெரிந்து வளர்ந்தது எல்லாம் ஆப்பிரிக்காவில். அவள் தமிழில் மரியாதை விகுதி எல்லாம் எங்கோ விழுந்துவிட்டது. பெரியப்பாவிடம் போனில், "நீ சாப்பிட்டியா பெரியப்பா?" என்பாள். என் அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பார். விஷயத்தைச் சொன்னதும், "அந்த டப்பாவுக்கு இவ்ளோ ஃபீலிங்கா?" என்றாள்.

"அப்பா, அப்ப லீவுக்கு நான் எங்க வர்றது?"

"திருவண்ணாமலைக்கு வாம்மா. வேற எங்க?"

"அது உங்க ஊருப்பா. எங்க ஊருக்கு எப்பிடி வர்றது?"

ஊரைவிட்டு வந்தவன் நான் என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டிலேயே இரண்டு பேரை நான் ஊரைவிட்டுக் கிளப்புகிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

6

அமைச்சர் கையெழுத்துக்காகக் காத்திருந்த நாட்களில் கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வந்தேன், தனியாக. வாடகைக்கு ஒரு வீடு பார்த்து வைப்பதாக உத்தேசம். செங்கம் ரோட்டில் ஒரு வீட்டுக்காரர் என் சட்டையையும் செருப்பையும் பார்த்துவிட்டு, "சார் எந்த நாடு?" என்று தமிழிலேயே கேட்டார். அடி அண்ணாமலை என்றேன். நம்பவில்லை. தெருவில் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டார்கள்: "எப்ப வந்தீங்க? எப்ப போறீங்க?" முதல் கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் இரண்டாவது வந்துவிடும். வெளிநாட்டில் இருப்பவன் ஊருக்கு வருவதே போவதற்குத்தான் என்று இங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அண்ணன் முருகேசன் கிரிவலப் பாதையில் கடை வைத்திருக்கிறார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வியாபாரம். மலை உச்சியில் தீபம் ஏற்றும் உரிமை எங்கள் வகையறாவுக்கு உண்டு. அந்த முறைக்காரர்களோடு அண்ணனும் சில வருஷம் தீபக் கொப்பரையை மலைக்குத் தூக்கத் தோள் கொடுத்திருக்கிறார். இப்போது முழங்கால் வலி. அவரிடம் செயற்கைக்கோள் சமாச்சாரத்தைச் சொன்னேன். என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஏன்டா, வித்தவன் வந்து செஞ்சு குடுக்கறேன்றான். உடேன்டா. பம்பு செட்டு ரிப்பேருன்னா நானா கழட்டிக்கினு கெடக்கறேன்? கம்பெனி ஆளுதான வர்றான்" என்றார்.

"பம்பு செட்டும் இதுவும் ஒண்ணாண்ணா? நாளைக்கு மலை மேல தீபத்த நாங்களே ஏத்திக்கறோம், கொப்பரையும் நாங்களே எறக்கிக்கறோம்னு கொப்பரை செஞ்சு குடுத்த பட்டறைக்காரன் சொன்னா உடுவியா?"

"அது எப்படிடா உடுவோம்? அது நம்ம முறை."

"அவங்களுக்கும் அப்படித்தாண்ணா."

அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. வாதத்தில் அவர் எப்போதும் ஒப்புக்கொண்டதில்லை. "நீ அங்க ஜாஸ்தி நாள் இருந்துட்ட" என்றார், ஒரு நோயைக் கண்டுபிடித்த டாக்டர் மாதிரி.

தீபத்தன்று சாயங்காலம் எல்லோரும் வாசலில் அகலைத் தயாராக வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி நின்றோம். உச்சியில் தெரிந்த பிறகுதான் வீட்டில் ஏற்றுவது. அண்ணி மட்டும் உள்ளே டிவி முன்னால். உச்சியில் பொறி தெரிந்து அரோகரா சத்தம் எழும்பியபோது, "இன்னும் ஏத்தலீங்க, இருங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நேரலையின் படம் கேமராவிலிருந்து கிளம்பி, எங்கெங்கோ ஏறி, வானத்துக்குப் போய் அங்கே ஒரு செயற்கைக்கோளைத் தொட்டு அண்ணியிடம் வந்து சேர அவ்வளவு நேரம் ஆகிறது. நான் ஆயுள் முழுவதும் செய்த வேலை அந்தச் சின்ன இடைவெளிக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உச்சியில் தீபம் எரிந்துகொண்டிருந்த அந்த நாட்களிலேயே மரியம் கூப்பிட்டார். "கையெழுத்து ஆயிடுச்சு. நம்ம குழுவேதான். அணிவகுப்பு வாடகையிலயே போகட்டும்னுட்டாங்க. அவங்க லைன்ல இருந்து பாத்துக்கினு மட்டும் இருப்பாங்க. சீக்கிரம் வாங்க."

7

எஞ்சினைக் கொஞ்சம் இயக்க வேண்டும், நிறுத்த வேண்டும், எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும், மறுபடி இயக்க வேண்டும். பல நாள் வேலை. மரியமின் குழுவில் யாரும் அவசரப்படவில்லை. கடைசித் தடவை எஞ்சின் திணறியது. தொட்டியில் அழுத்தம் விழுந்தது. எரிபொருள் மரியம் சொன்னதைவிடவும் கம்மி. அணிவகுப்பு வரைக்கும் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆனால் போக வேண்டிய உயரத்துக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது.

மிச்சமிருந்தது குரலை நிறுத்தும் கட்டளை. திரையில் அதன் அலை ஒரு சின்ன மேடாகத் தெரிந்துகொண்டிருந்தது. அந்த மேட்டைப் பார்க்காமல் நாங்கள் யாரும் வேலை நாளைத் தொடங்கியதில்லை. தொலைபேசி லைனில், விற்ற நாட்டின் மையத்திலிருந்து ஒரு குரல், "தயாரா?" என்று கேட்டது.

மரியம் பொத்தானில் இருந்து கையை எடுத்துவிட்டார். நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"இது வெளியூர்லேர்ந்து நம்ம வூட்டுக்கு வந்தது. இத்தன வருஷம் இருந்தது. வழி கேக்காம எப்படி அனுப்பறது? அதுக்கு வாய் இல்ல. நீங்களும் வெளியூரு. அதுக்காக நீங்க கேளுங்க."

விளையாடுகிறாரோ என்று பார்த்தேன். அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் உட்கார்ந்தபடியே, பிரெஞ்சில் இல்லாமல் அவர்கள் சொந்த பாஷையில், செல்வி சொல்லிக்கொடுத்த உச்சரிப்பில், "எங்களுக்கு வழி கொடுங்கள்" என்றேன்.

"இன்னும் நேரம் ஆகலையே, உக்காரச் சொல்லுங்க" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். அதுதான் முறை.

லைனில், "தரைநிலையம்? கேட்கிறதா? இணைப்பு அறுந்துவிட்டதா?" என்றது குரல். யாரும் பதில் சொல்லவில்லை. இதை எந்த மொழியில், எப்படிச் சொல்வது?

நான் மறுபடி கேட்டேன். மரியம் எழுந்து நின்றார்.

"உனக்குப் பாதி வழி குடுக்க முடியாது. நீ திரும்பி வரமாட்ட. நல்லா உழைச்ச. முழு வழியும் குடுக்கறோம், போ."

பொத்தானை அழுத்தினார். கட்டளை போக, அது கீழ்ப்படிய, அதன் மௌனம் எங்களிடம் வந்து சேரச் சிறிது நேரம். பிறகு திரையில் இருந்த மேடு உட்கார்ந்துவிட்டது. அதன் இடத்தில் புல் முளைத்த மாதிரி வெறும் இரைச்சல் கோடுகள். நான் அழுதேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

பிற்பாடு மையத்திலிருந்து வந்த அறிக்கையில், வேலை மிகச் சிறப்பாக நடந்தது என்றும், கடைசிக் கட்டளைக்கு முன்னால் குரல் இணைப்பில் மட்டும் விளங்காத ஒரு தடை ஏற்பட்டது என்றும் எழுதியிருந்தார்கள்.

வீட்டுக்குப் போனேன். செல்வி தையலிலிருந்து நிமிர்ந்தாள்.

"ஆயிடுச்சா?"

"மலையேறிடுச்சு" என்றேன். விளக்கு அணைந்தது என்று நாம் வீட்டில் சொல்வதில்லையே, அந்தப் பழக்கத்தில் வந்தது. அவள் எழுந்து தட்டை வைத்தாள். எனக்குப் பக்கத்திலேயே தனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டாள். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

8

குடியேற்ற அலுவலகத்துக்குப் போனபோது கண்ணாடிக்கு மேல் பார்க்கும் அந்த அம்மாள் வழக்கம்போலவே, "செயற்கைக்கோள் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். அவர் முத்திரையைக் கையில் எடுத்துவிட்டு, எங்கே குத்துவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "எனக்கு வருத்தமா இருக்கு, முசியே" என்றார். அவ்வளவு வருஷத்தில் செயற்கைக்கோளைத் தவிர அவர் என்னிடம் வேறு எதுவும் பேசியதில்லை.

கிளம்புவதற்கு முன் மரியம் வீட்டில் விருந்து. சாப்பிட்டு முடித்து, உட்கார்ந்தபடியே வழி கேட்டேன். இன்னும் நேரம் ஆகவில்லை என்றார் மரியம். செல்வி கேட்டாள். மழை வருகிறது என்றார். மழைக்காலம் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. மூன்றாம் தடவை நாங்கள் இருவரும் சேர்ந்து கேட்டோம்.

"அன்னிக்கு முழு வழி குடுத்தேன். அது போதும் எனக்கு, இனிமே யாருக்கும் முழுசா குடுக்கறதா இல்ல" என்றார் மரியம். "பாதிதான். மீதிக்கு வந்துதான் ஆகணும்."

கூடவே செம்பழுப்பில் ஒரு பெட்டைக்கோழி வந்தது, காலைக் கட்டி, கையில். விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது என்று நான் விழித்தேன். செல்வி அதை வாங்கி, கால்கட்டை அவிழ்த்து, மரியமின் முற்றத்திலேயே விட்டாள்.

"இது எங்க கோழி. இங்கயே மேயட்டும். நீங்க பாத்துக்கோங்க" என்றாள் அவர்கள் பாஷையில். "முட்டை உங்களுக்கு. கோழி எனக்கு."

இதை எழுதுவது செங்கம் ரோட்டில் ஒரு வாடகை வீட்டிலிருந்து. மரியமின் குழு இப்போது ஆன்டெனாவை வேறொரு நாட்டின் செயற்கைக்கோளை நோக்கித் திருப்பி வைத்து ஓட்டுகிறது. எல்லைக் கிராமத்து நர்ஸ் இன்னும் டாக்டரிடம் பேசுகிறார். வாராவாரம் மரியமிடமிருந்து செல்வியின் போனுக்குக் கோழியின் படம் வருகிறது. செல்வி அதை அண்ணியிடம் காட்டுகிறாள். தீபாவுக்கு அனுப்புகிறாள். தீபா லீவுக்கு முதலில் எங்கள் கோழியைப் பார்த்துவிட்டு அப்புறம் எங்களைப் பார்க்க வருகிறாளாம், டிக்கெட் போட்டுவிட்டாள்.

செல்விக்கு இங்கே இன்னும் கடை அமையவில்லை. தையல் மெஷின் மூலையில் மூடியபடி இருக்கிறது. அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நேற்று நானும் செல்வியும் பால் வாங்கப் போனபோது தெருமுனையில் ஒருவர் பிடித்துக்கொண்டார். "சார், எப்ப வந்தீங்க? எப்ப போறீங்க?" இனிமேல் இங்கேதான் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். செல்வி முந்திக்கொண்டாள்.

"போவணுங்க" என்றாள். "அங்க எங்க கோழி இருக்கு."